புதுப்பிப்பு: ஸ்லோ குக்கர் ராஜ்மாவும் என் வயிறும்

போன வாரம் கேட்டிருந்தேனே, ராத்திரி முழுக்க ஊறவைத்த ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் (மெதுவாக மணிக்கணக்கில் வேகவைக்கும் கரண்ட் பாத்திரம்) 'லோ'வில், அதாவது குறைந்த சூட்டில், 8 மணி நேரம் போட்டும், சாப்பிட்ட 2 மணி நேரத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் வாந்தி, ஏன் என்று. குக்கர் பழுது இல்லை. தப்பு என்னுடையதுதான்.

ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். 'லோ'வில் கொதியே வராமல் போகலாம். அரைவேக்காட்டில் 80 டிகிரியில் நின்றால் பச்சைக் கொட்டையைவிட மோசமாகிவிடுமாம். அன்றைக்கு ஒன்றை நசுக்கிப் பார்த்தேன்: தோல் வெந்திருந்தது, நடுவில் சாக்பீஸ் மாதிரி வெள்ளை. அப்போதே கொட்டியிருக்கணும்.

நேற்று ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பிலேயே 30 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். 10 நிமிஷம் போதும் என்பவர்களும் உண்டு. பட்டவள் நான், எனக்கு 30தான். பிறகு ஸ்லோ குக்கரில் 'ஹை', 4 மணி நேரம். தக்காளி கடைசியில்தான், முன்னாலேயே போட்டால் கொட்டை இறுகிவிடும். வெண்ணெய் மாதிரி வெந்தது, வயிறும் சமர்த்தாக இருக்கிறது.

ஃப்ரீஸர் மட்டனை ஸ்லோ குக்கரில் அப்படியே போடலாமா என்று கேட்டவருக்கு: ஃப்ரீஸரிலிருந்து எடுத்துக் கட்டியாக அப்படியே போடாதீங்க. முதல் நாளே ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டுக்கு மாற்றிடுங்க. மூடியையும் சும்மா சும்மா திறக்காதீங்க, என் மாமியார் மாதிரி.