கணினி வாங்கப் போன இடத்தில் கண்டதும் கேட்டதும்: அனுபவப் பகிர்வு

கெடிலக்கரை:
கடலூர் லாரன்ஸ் சாலையில் ஒரு கடையில் பார்த்தது இன்னும் உறுத்துகிறது. கல்லூரியில் சேரவிருக்கும் மகனுடன் வந்த ஓர் அம்மா, இன்டெல் ஐ3 பிராசஸர் கொண்ட புதிய மடிக்கணினியைக் காட்டி விலை கேட்டார். கடைக்காரரோ பழையது ஒன்றை எடுத்து வைத்து, அதில் ஒட்டியிருந்த ‘ஐ7’ ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் துடைத்து, “மூணு பெரிசா, ஏழு பெரிசா, நீங்களே சொல்லுங்கம்மா” என்றார். திரையில் ஐ7-4600யு என்று இருந்தது. சிறுகோட்டுக்கு அடுத்து வரும் 4 தான் பிராசஸரின் தலைமுறை. 2013இல் வந்த, இரண்டே கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட பிராசஸர் அது. அவர்கள் முதலில் கேட்ட ஐ3-1215யு-வில் ஆறு கோர்கள் உண்டு. பையன் குனிந்து திரையைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

முத்தியால்பேட்டைவாசி:
எனக்கு நேர்ந்தது ரேம் விவகாரம். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று புதுச்சேரியில் விற்றவர் உறுதியளித்திருந்ததால், இன்னொரு 8 ஜிபி ரேமை வாங்கிக்கொண்டு சர்வீஸ் செய்பவரிடம் போனேன். அவர் அடிமூடியைக் கழற்றி, ஒரு வார்த்தையும் பேசாமல் டார்ச் அடித்துக் காட்டினார். ரேம் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. செருகுவதற்கு ஸ்லாட்டே இல்லை. டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்திருந்தால் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று கடையிலேயே தெரிந்திருக்குமாம்.

புலியூரான்:
ஒரு டிபி (ஆயிரம் ஜிபி) சேமிப்பகம் என்று விற்றதில் 931 ஜிபிதான் தெரிகிறது என்று என் தந்தை கடையில் பெரும் சண்டை போட்டார். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024ஆகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. கடைக்காரருக்கும் இது தெரியாததால், ஒரு மவுஸைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

உப்பளத்துக் கணக்கர்:
கெடிலக்கரை சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் நான்காம் தலைமுறைக் கணினியில்தான் டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லு வகைச் சேமிப்பகம்) போட்ட அன்றே அதன் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. ஆகவே வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சேமிப்பகத்தின் வகையைத்தான். ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு நூறு எம்பியை ஒட்டியும், சாட்டா இணைப்பு வகை எஸ்எஸ்டி ஐந்நூறுக்கு மேலும், அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி பல ஆயிரமும் படிக்கும். இவற்றில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும் முதல் தாவல்தான் அன்றாட வேலையில் கைக்குத் தெரியும்; இரண்டாவதற்கு அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. மலிவு விலைக் கணினிகளில் வரும் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு எஸ்எஸ்டி ஆகாது, பெரும்பாலும் மாற்றவும் முடியாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸரிலும் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 7520யு என்பதில் முதல் 7 வெளியீட்டு ஆண்டைத்தான் குறிக்கும். மூன்றாம் இடத்து 2, உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரின் இறுதியில் யு இருந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது, எச் இருந்தால் வேகமும் சூடும் கூடியது. கணக்கு எழுதுபவருக்கு எச் எதற்கு?

கெடிலக்கரை:
ஐயா, டேலிக்கு அது போதும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் விதி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ (பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் வழக்கமான புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அந்தப் பையன் இனிமேல்தான் நான்கு ஆண்டுகள் படிக்கப் போகிறான். உங்கள் அலுவலகக் கணினியில் ஜிஎஸ்டி தளத்தையும் வங்கிக் கணக்கையும் இன்னமும் திறக்கிறீர்களா?