உதவி: நான் எழுதிய யட்சி ரேஸ் ஆட்டத்தைக் கெடுக்கிறது, எங்கே தப்பு?

வடசேரி_டிஎம்:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு) ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். கதையை நடத்தும் டிஎம் ஆன என்னையும் சேர்த்து ஐந்து பேர். கேரக்டர்கள் எல்லாம் இப்போது 2ஆம் லெவல்.

எல்ஃப், ட்வார்ஃப் எல்லாம் சலித்துப்போய், நம்ம ஊர்ச் சரக்கு ஒன்று இருக்கட்டுமே என்று நாட்டுப்புறக் கதைப் பேய்ப்பெண்ணான யட்சியை ஆடக்கூடிய ரேஸாக (இனமாக) நானே எழுதினேன். கூட்டத்தில் ஒரு தோழி ஆசையாக எடுத்துக்கொண்டாள், ரோக் (திருட்டுக் கைவேலைக்காரி) வகுப்பில். மூன்று செஷன் ஆயிற்று, எங்கேயோ இடிக்கிறது.

எழுதி வைத்திருப்பது இதுதான். கரிஸ்மா (கவர்ச்சி) +2, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +1. உயிர்வகை அன்டெட் (செத்தும் நடமாடுவது). இருட்டில் 60 அடி பார்வை. பறக்கும் வேகம் 30 அடி. ஆளை மயக்கும் சார்ம் பெர்சன் மந்திரம் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். மந்திரம் ஏறாத ஆயுதத்தால் அடித்தால் பாதி சேதம்தான். கடித்தால் 1டி6 (ஆறுமுகப் பகடை ஒன்று) சேதம், அதே அளவு தன் உயிர் ஏறும். இவ்வளவுக்கும் ஈடாக ஒரு பலவீனம்: உச்சந்தலையில் இரும்பு ஆணி அறைந்தால் கட்டுண்டு போவாள். சேவ் (தப்பிக்கப் பகடை உருட்டுவது) கிடையாது. ஆணியைப் பிடுங்கும்வரை அசைய முடியாது.

பலவீனம் பெரிசு, அதனால் பலமும் பெரிசாக இருக்கலாம் என்பது என் கணக்கு. நடந்தது வேறு. முதல் செஷனில் கோட்டைக் காவலன், சத்திரக்காரன், சுங்கம் வசூலிப்பவன் என்று கண்ணில் பட்டவனுக்கெல்லாம் சார்ம். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய பேச்சுவார்த்தை நாலு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது செஷனுக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்தை மனதில் வைத்து 115 அடி உயரப் பாலம் ஒன்று வரைந்திருந்தேன். விழுந்தால் 11டி6 என்று மிரட்டியும் வைத்திருந்தேன். அவள் பாட்டுக்குப் பறந்து அக்கரை போய்க் கயிற்றைக் கட்டிவிட்டாள். மூன்றாவதில் எலும்புக்கூடுகள் வந்தன. கிளெரிக் (பூசாரி) அன்டெட்டை விரட்டும் டர்ன் அன்டெட் போட்டான். எலும்புக்கூடுகள் ஓடின, கூடவே யட்சியும் ஓடினாள்.

இதற்கு நடுவில் ஃபைட்டர் ஆடும் தம்பி கடையில் இரும்பு முளை வாங்கிப் பையில் போட்டிருக்கிறான். கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்ணே" என்கிறான்.

பறப்பதை எடுத்துவிட்டால் சரியாகுமா? இல்லை, ஆணியை இன்னும் கடுமையாக்க வேண்டுமா?

இருபதுமுகம் (மார்த்தாண்டம்):

தம்பி, ஆணியைக் கடுமையாக்காதே. உன் ரேஸில் மோசமான வரியே அதுதான்.

டன்ஜனியர் பேக் என்ற தொடக்கச் சாமான் மூட்டை எடுத்த கேரக்டரின் பையைத் திறந்து பார். சுத்தியல் ஒன்று, பாறையில் அறையும் முளை (பிட்டன்) பத்து. ஆட்டம் தொடங்கும்போதே உன் தோழியைக் கட்டிப்போடும் சாமான் கூட்டாளி பையில் இருக்கிறது. தனியாக வாங்கினாலும் பத்து இரும்பு முளை ஒரு பொற்காசு. ஃபைட்டர் தம்பி செய்ததில் தப்பே இல்லை, நீ எழுதியதைப் படித்துவிட்டு நடந்திருக்கிறான்.

பெரிய பலவீனத்தால் பெரிய பலத்தை ஈடுகட்டும் கணக்கு மேசையில் வேலை செய்யாது. 2014 ட்ரௌவை (பாதாள எல்ஃப்) எடுத்துக்கொள். வெயிலில் அடிக்கவும் பார்க்கவும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). கதை முழுக்கப் பாதாளத்தில் நடந்தால் அது இல்லாததற்குச் சமம். பகலில் நடந்தால் அந்த ஆள் ஒவ்வொரு அடிக்கும் அழ வேண்டும். 2024 புத்தகத்தில் அதை எடுத்தே விட்டார்கள். உன் ஆணியும் அப்படித்தான்: யாரும் அறையாதவரை யட்சி ராணி, ஒருவன் அறைந்தால் அவள் மீதி சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அடுத்தது உயிர்வகை. அன்டெட் என்று போட்டதும் இரண்டு கதவு சாத்திக்கொண்டது. டர்ன் அன்டெட் 30 அடிக்குள் கிளெரிக்கைப் பார்க்கிற அல்லது கேட்கிற எல்லா அன்டெட்டையும் பிடிக்கும், நண்பனா எதிரியா என்று பார்க்காது. இன்னொன்று நீ இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்: 2014 விதியில் காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் அன்டெட்டுக்கு வேலை செய்யாது. உங்கள் கிளெரிக் அவளுக்கு மருந்து போடவும் முடியாது.

சார்ம் பற்றி ஒரு கேள்வி. ஒரு மணி நேரம் கழிந்து மயக்கம் தெளிந்ததும், தன்னை மயக்கியது யார் என்று காவலனுக்குத் தெரியுமே. அது உன் ஆட்டத்தில் நடந்ததா? ஊருக்குள் ஆள் தேடி வந்தார்களா? எப்படி இருந்தாலும் எத்தனை தடவையும் என்பது கூடவே கூடாது. டீஃப்லிங் ரேஸுக்கு 3ஆம் லெவலில் ஒரு மந்திரம், 5ஆம் லெவலில் ஒன்று, ஒவ்வொன்றும் லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) ஒரு தடவை. அந்த அளவில் நிறுத்து.

பறப்பதும் அதேபோல. விசார்டுக்கு ஃப்ளை மந்திரம் 5ஆம் லெவலில்தான் கைக்கு வரும். 2024இல் டிராகன்பார்ன் இனத்துக்கு இறக்கை கொடுத்தபோதுகூட 5ஆம் லெவலில், பத்து நிமிடம், லாங் ரெஸ்டுக்கு ஒரு தடவை என்று கட்டிப்போட்டார்கள். பாதி சேதம் சமாச்சாரத்தைப் பேசவே வேண்டாம். பார்பேரியன் வகுப்புக்காரன் அதற்கு ரேஜ் என்ற ஆவேசத்தைச் செலவழிக்கிறான், முதல் லெவலில் அவனுக்கு நாளைக்கு இரண்டே ரேஜ்.

ஓர்க்போதும்:

பேசாமல் தடை செய்துவிட்டு ஓர்க் கொடுங்கள். வேலை முடிந்தது.

பனைமூடு (தக்கலை):

ஓர்க் அண்ணனுக்கு வணக்கம், ஆனால் அது உதவி இல்லை.

மக்கா, எனக்கு விதி அவ்வளவு தெரியாது. யட்சி கொஞ்சம் தெரியும், எங்க ஆச்சி உபயம். ஒரு கேள்வி: யட்சி பறப்பாள் என்று உனக்கு யார் சொன்னது? எங்க ஆச்சி கதையில் அவள் பனையில் இருப்பாள். ராத்திரி ஒத்தையில் போகிறவனை வழிமறித்து, "சுண்ணாம்பு இருக்கா?" என்று கேட்பாள். அவன் கையால் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பனை அவன் கண்ணுக்கு மாளிகையாகத் தெரியும். ஏறிப் போவான். விடிந்து பார்த்தால் பனைமூட்டில் நகமும் மயிரும் பல்லும் கிடக்கும். விவரம் தெரிந்தவன் சுண்ணாம்பைக் கத்தி நுனியில் வைத்து நீட்டுவான். இரும்பு இருப்பதால் அவளால் வாங்க முடியாது.

இந்தக் கதையில் உனக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. அவள் மயக்குவது கண்ட இடத்தில் கைவீசி இல்லை. முதலில் கேட்கிறாள், அவன் கொடுக்க வேண்டும். இரும்பு அவளைக் கொல்வதில்லை, தடுக்கிறது. பறப்பதற்குப் பதில் பனை ஏறட்டும். நம்ம மாவட்டத்தில் பனை ஏறத் தெரிந்தவருக்கு இறக்கை தேவைப்பட்டதே இல்லை.

ஆரல்காற்று:

நான் ஆரல்வாய்மொழிக்காரி. கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். யட்சி என்ற சொல்தான் இயக்கியாகி இசக்கியானது என்பார்கள். எங்கள் வீட்டில் இசக்கி கும்பிடும் தெய்வம். முப்பந்தல் கோயிலில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். அவள் தலையில் ஆணி அறையும் விதியை என் அம்மா படித்தால் அந்த மொட்டைமாடிக்கே வந்துவிடுவாள். இசக்கி என்ற பெயரை ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம், அவ்வளவுதான் என் வேண்டுகோள். யட்சியை வைத்து ஆடுவதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்று. நீங்கள் அவளை ஒரு இனமாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வில்லுப்பாட்டில் கேட்டுப் பாருங்கள், அப்படி ஓர் இனம் வராது. ஒவ்வொருத்தியும் ஒரு தனிப் பெண். பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவள். கள்ளியங்காட்டு நீலியையே எடுங்கள். கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் வழக்குப் பேசியவள் அவள். நீங்கள் எழுதிய யட்சியிடம் வழக்கு எங்கே? ராத்திரி வழியில் பயந்து ஓடிய ஆண் வந்து சொன்ன சாட்சியம்தான் அந்த ஷீட். அவளைக் கேட்டு எழுதியது போல ஒரு வரிகூட இல்லை.

இருபதுமுகம் (மார்த்தாண்டம்):

அக்கா சொன்னது விதிப்படியும் சரி. 2021இல் வந்த ரேவன்லாஃப்ட் புத்தகத்தில் டாம்பிர், ரீபார்ன் என்று லினியேஜ் வகை உண்டு. ட்வார்ஃபாக இருந்தவன் டாம்பிர் ஆகலாம், மனுஷியாக இருந்தவள் செத்துப் பிழைத்து ரீபார்ன் ஆகலாம். பழைய பிறப்பில் கற்ற ஸ்கில்களையும் வைத்துக்கொள்ளலாம். பிறவியில் வருவதில்லை, வாழ்க்கையில் ஏதோ நடந்து வருவது. யட்சிக்கு அந்தச் சட்டைதான் பொருந்தும். டாம்பிர் பாதி ரத்தக்காட்டேரி, அதற்கே உயிர்வகை ஹியூமனாய்ட் என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தே அன்டெட்டை அடித்துவிடு.

வடசேரி_டிஎம்:

காவலன் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன் அண்ணா. மயக்கம் தெளிந்த பிறகு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆரல்காற்று அக்கா, பெயர் விஷயம் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், மன்னிக்கவும். ஆணி வரியை இன்றைக்கே அழித்துவிட்டேன்.

ஓடிய_யட்சி:

நான்தான் அந்த யட்சி. இந்த இழையை எனக்கு அனுப்பியவர் ஃபைட்டர். தன் மூட்டையில் இருக்கும் முளைக்கு விளக்கம் வேண்டாமா?

என்னைக் கேட்டால் யட்சி பலசாலி என்பது பிரச்சினை இல்லை. எனக்குச் சலிப்பாக இருந்தது. வாசலில் ஒருவன் நிற்கிறான் என்றால் மற்ற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான் "சார்ம்" என்பேன், டிஎம் பெருமூச்சு விடுவார். ரோக் ஆகப் பூட்டைத் திறக்க, ஒளிய, பொய் சொல்ல எனக்கு ஆசை. ஒன்றுக்கும் அவசியம் வரவில்லை. பாலத்தில் மற்றவர்கள் கைகால் நடுங்கக் கயிற்றில் வந்தபோது நான் அக்கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பாலம் எனக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டது.

எலும்புக்கூடுகளோடு ஓடியதுதான் மூன்று செஷனிலும் எனக்குப் பிடித்த இடம், சத்தியமாக. ஆனால் தினமும் ஓட முடியாது.

கடிப்பது வேண்டாம். கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்குவது வேண்டும். அதை யாரும் என்னிடமிருந்து எடுக்கக் கூடாது.

வடசேரி_டிஎம்:

சரி, திருத்தியது கீழே. பெயர் "கள்ளிவழி". ரேஸ் இல்லை, லினியேஜ். தோழி மனுஷியாகப் பிறந்து, ஒரு சுங்கக்காரனால் கொலையாகி, திரும்பி வந்தவள். வழக்கு இன்னும் முடியவில்லை.

உயிர்வகை ஹியூமனாய்ட். ஏறும் வேகம் 30 அடி, பறப்பது இல்லை. பாதி சேதம் இல்லை, கடி இல்லை.

சுண்ணாம்பு: எதிரில் இருப்பவரிடம் ஒரு சின்னப் பொருளைக் கேட்கலாம். அவர் மனமொப்பித் தன் கையால் கொடுத்தால் விஸ்டம் சேவ் போட வேண்டும். தோற்றால் சார்ம் பெர்சன் பிடித்தது போல. பொருள் கைமாறினால்தான் தடவை கணக்கில் சேரும், லாங் ரெஸ்டுக்கு ப்ரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு ஏறும் எண்) அளவு, அதாவது இப்போதைக்கு இரண்டு. இரும்பைக் கையில் பிடித்திருப்பவரிடம் பலிக்காது.

கள்ளிப்பிள்ளை: கையளவு மரக்கொம்பு ஒன்று ஒரு மணி நேரம் குழந்தையாகத் தெரியும், அழும். லாங் ரெஸ்டுக்கு ஒரு தடவை. தொட்டுத் தூக்குபவருக்கு இன்வெஸ்டிகேஷன் சோதனை (பகடை உருட்டி உண்மையைக் கண்டுபிடிப்பது) உண்டு.

இருபதுமுகம் (மார்த்தாண்டம்):

இரும்பு வரி அருமை. காவலன் கையில் ஈட்டி இருக்கும், சண்டையில் எல்லார் கையிலும் வாள் இருக்கும். நீ தனியாகத் தடை போடாமலே சண்டைக்குள் சார்ம் வராது. இன்வெஸ்டிகேஷன் டிசியை (பகடை எட்ட வேண்டிய எண்ணை) முன்பே எழுதி வை, மேசையில் சண்டை வரும்.

வடசேரி_டிஎம்:

நேற்று ஆடிப் பார்த்தோம். அதே கோட்டை வாசல், அதே காவலன், கையில் ஈட்டி. அவனை ஈட்டியைச் சுவரில் சாய்க்க வைக்க வேண்டும். தோழி கள்ளிப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், பிள்ளைக்குப் பசி, நடந்து கால் வலிக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைப் பிரித்தாள். இருபது நிமிடம் பேச்சு. கிளெரிக் நடுவில் புகுந்து கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டான். ஃபைட்டர் தன் முளைகளைப் பின்வாசல் கதவிடுக்கில் அறைந்து கதவைத் திறக்க முடியாதபடி செய்தான், அது வேறு கதை. கடைசியில் காவலன் ஈட்டியைச் சாய்த்தான். அவள் சுண்ணாம்பு கேட்டாள்.

நான் சும்மா இருக்காமல், காவலன் டப்பாவிலிருந்து பேனாக்கத்தி நுனியில் எடுத்து நீட்டினான் என்று சொல்லிவிட்டேன். வாயில் தானாக வந்தது. மாடியில் ஒரே கூச்சல். கத்தி நுனியில் நீட்டியது கொடுத்ததாகக் கணக்கா, இல்லையா?

பனைமூடு (தக்கலை):

எங்க ஆச்சி கணக்கில் இல்லை. கையில் இரும்பு இருக்கிறது, அவள் விலக வேண்டும்.

ஓடிய_யட்சி:

ஆச்சி சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருள் கைமாறவில்லை, அதனால் என் இரண்டு தடவையில் ஒன்று போகவும் இல்லை. டிஎம் அதைக் குறைத்து எழுதியிருக்கிறார்.

வடசேரி_டிஎம்:

குறைத்ததை அழித்துவிட்டேன். காவலன் இப்போது வெற்றிலை மெல்லுகிறான், கத்தியை உறையில் போட்டாயிற்று. வருகிற ஞாயிறு அங்கிருந்து தொடங்குகிறோம்.