மாடிப்படி இரண்டைத் தாண்டவில்லை

குடும்பக் குழு, 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை (சென்னையில் மிக்ஜாம் புயல் மழை)

காலை 8.10, அண்ணன் (திருச்சி):
சித்தி, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததில் முடிச்சூர் மூழ்கிவிட்டது என்று ஒரு காணொளி வந்திருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

காலை 8.31, சித்தி (முடிச்சூர், சென்னைப் புறநகர்):
தம்பி, அது 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் எடுத்த காணொளி. அதில் தெரியும் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடிக் கட்டடம் கட்டி நான்கு வருடமாகிறது. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கிறது. மின்சாரம் நேற்றிரவே போய்விட்டது. நாங்கள் மாடியில் பத்திரமாக இருக்கிறோம்.

எனக்குக் கவலையெல்லாம் உன் சித்தப்பாவைப் பற்றித்தான். அந்த வெள்ளத்தில் கீழ்வீட்டுச் சாமான்கள் மொத்தத்தையும் இழந்தவர் என்பதால், குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தாலே டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணிவிட்டு வருகிறார். இரவு மட்டும் பதினொரு முறை இறங்கினார். தண்ணீர் இரண்டாவது படியைத் தாண்டவே இல்லை. காலையில் வைத்த கஞ்சி ஏடு படிந்து அப்படியே இருக்கிறது.

காலை 8.44, பெரியப்பா (கும்பகோணம்):
அம்மா, தூரத்தில் இருக்கும் எங்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஏதாவது அனுப்பினால் உதவியாக இருக்கும் என்றுதான் அனுப்பினோம்.

காலை 8.58, நான்:
பெரியப்பா, உங்கள் தவிப்பு எனக்கும் இருக்கிறது. ஆனால் புயல் நேரத்தில் வானிலை ஆய்வு மையம் பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அறிக்கை தருகிறது. இடைப்பட்ட நேரத்தில் நாம் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதில் பெரும்பாலும் பழைய படமும் பிறருடைய பயமும்தான் இருக்கின்றன. 2020இல் கொரோனா பரவியபோது, மனத்தைக் கலங்கடிக்கும் செய்திகளைக் குறைத்துக்கொண்டு, நாளில் ஓரிரு முறை மட்டும் குறித்த நேரத்தில் பாருங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. சித்தப்பாவுக்கு இன்று அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பகல் பன்னிரண்டுக்கும் மாலை ஆறுக்கும் சித்தி மட்டும் இங்கே எழுதட்டும். மற்ற நேரத்தில் இருவரும் இணையத்தை அணைத்து வைத்தால் சார்ஜும் மிஞ்சும். அவசரமென்றால் அழையுங்கள், நாங்கள் எடுப்போம். 1070, 1077 என்ற உதவி எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

காலை 9.05, பெரியப்பா:
சரியம்மா. விடியற்காலை மூன்று மணியிலிருந்து தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்ததில் நானும் இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டேன். இதோ அணைக்கிறேன்.

பகல் 12.02, சித்தி:
தண்ணீர் அதே இரண்டாவது படியில் நிற்கிறது. முதலில் கைப்பேசியைத் தர மறுத்தார். பிறகு தானாகவே அலமாரியில் வைத்துவிட்டு, கஞ்சியைச் சூடாக்கித் தரச் சொன்னார். பாதி குடித்துவிட்டுத் தூங்குகிறார். நான் மாலை ஆறு மணிக்கு எழுதுகிறேன்.