இங்க்ரிய மொழியில் ‘கல’ எப்படி ‘கல்லா’ ஆகிறது?

அலைவாய்: இங்க்ரிய மொழியில் (இஷோரா என்பதும் இதுதான்) ஒரு கதை படிக்கிறேன். அகராதியில் மீனுக்கு ‘கல’ என்று இருக்கிறது. கதையிலோ இரண்டு இடத்தில் ‘கல்லா’. அகராதியில் அப்படி ஒன்றையே காணோம். அச்சுப் பிழையா?

பனிக்கூழ்: அது ஃபின்னிஷ் வட்டார வழக்குதானே? ஃபின்னிஷ் அகராதியில் தேடிப் பாருங்கள்.

வேர்க்கிழங்கு: இல்லைங்க, பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. இங்க்ரிய ஃபின்னியர்கள் பேசுவது ஃபின்னிஷ். இஷோரா தனி மொழி, ரஷ்யாவின் லெனின்கிராட் வட்டாரத்தில் ஃபின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் பேசப்படுவது. 1930களில் லத்தீன் எழுத்தில் பள்ளிப் புத்தகங்கள் வந்தன; 1937இல் நிறுத்திவிட்டார்கள்.

அலைவாய், பிழை இல்லை. அதுவும் மீன்தான், வேற்றுமை ஏறிய வடிவம். பழைய வடிவம் ‘கலத’ போல இருந்தது. அந்தத் ‘த’ ஆங்கிலத்தில் ‘திஸ்’ என்பதில் வருகிற மென்மையான ஒலி. அது உதிர்ந்ததும் இரண்டு அகரமும் சேர்ந்து ‘கலா’ ஆயிற்று. ஃபின்னிஷ் அங்கேயே நின்றுவிட்டது. இஷோராவில், குறில் அசையை அடுத்து நெடில் வந்தால் நடுவிலுள்ள மெய் இரட்டிக்கும். அதனால் ‘கல்லா’. எழுவாய் ‘கல’, ஆறாம் வேற்றுமை ‘கலன்’, பன்மை ‘கலத்’. இவற்றில் நெடில் இல்லை, இரட்டிப்பும் இல்லை.

சொல் ரொம்பப் பழையது. எஸ்தோனியத்திலும் ‘கல’, ஹங்கேரியத்தில் ‘ஹல்’. எல்லாம் இந்த மொழிகள் சேர்ந்த யூராலிக் குடும்பத்தின் மூலமொழிச் சொத்து.

அலைவாய்: நன்றி! ஆனால் ஒரு இடத்தில் ‘மீன் தின்றான்’, இன்னொரு இடத்தில் ‘மீனுக்குள்’ என்று பொருள் வருகிறதே. இரண்டுமே ‘கல்லா’வா?

வேர்க்கிழங்கு: ஆமாம். முதலாவது ‘கொஞ்சம் மீன்’ என்கிற பகுதி வேற்றுமை. இரண்டாவது உள்நுழையும் வேற்றுமை. அது ‘கலஹென்’ என்பதில் ஹகரம் உதிர்ந்து வந்தது. ஃபின்னிஷில் அது ‘கலான்’, கடைசி ‘ன்’ காட்டிக்கொடுத்துவிடும். இஷோராவில் அந்த ‘ன்’னும் போயிற்று. வினையைப் பார்த்துத்தான் பிரிக்கணும்.

தூண்டில்முள்: உச்சரிப்பில் ஒன்று. அழுத்தம் பொதுவாக முதல் அசையில். மேலே சொன்னது சோய்க்கோலா தீபகற்பத்தின் வழக்கு. லூகா ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடைசி உயிர் தேய்ந்து ‘கல’ கிட்டத்தட்ட ‘கல்’ என்றே கேட்கும். ‘கல்லா’வும் ‘கல்ல’ என்று குறுகும். ஒலிப்பதிவு கேட்பதானால் எந்த ஊர் ஆள் என்று முதலில் பாருங்கள்.

அலைவாய்: அப்போ ‘சன’ என்றால் ‘சொல்’, அது ‘சன்னா’ ஆகணுமா?

வேர்க்கிழங்கு: அதேதான்.