ட்வாஃப் ஃபோர்ட்ரஸ்: பழக்கிய யானை திரும்பவும் காட்டு விலங்காக மாறுகிறது, உதவுங்கள்

நானுஓயா தம்பி:
வணக்கம். குள்ளர்கள் வாழும் கோட்டையைக் கட்டி நடத்தும் ட்வாஃப் ஃபோர்ட்ரஸ் கணினி விளையாட்டின் ஸ்டீம் பதிப்பு விளையாடுகிறேன். கோட்டை வாசலில் வைத்த கூண்டுப் பொறிகளில் ஒரு ஆண் யானையும் ஒரு பெண் யானையும் மாட்டின. இரண்டையும் பழக்கி மேய்ச்சல் நிலத்தில் விட்டாச்சு, இப்போது என்னவென்றால் பெண் யானை காட்டுக்குணத்துக்குத் திரும்புகிறது என்று அறிவிப்பு வருகிறது, ஆண் யானை பசியில் கிடக்கிறது. கன்று போடும் என்று ஆசையாகக் காத்திருக்கிறேன், இரண்டில் ஒன்றைக்கூட இழக்க மனமில்லை. மறுபடி கூண்டில் அடைக்கவா? பின்னேரம் மழை இறங்கினால் இங்கே கரண்ட் போய்விடும், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஹட்டன் அண்ணன்:
தம்பி, முதல் வேலையாக உயிரினப் பட்டியலில் வளர்ப்பு விலங்குகள் பக்கத்தைத் திறந்து இரண்டு யானைக்கும் பழக்குநர் குறியிருக்கா என்று பார். ஒரு தடவை பழக்கினால் போதும் என்று விட முடியாது, காட்டில் பிடித்த விலங்குக்குப் பழக்கம் நாளாக நாளாகக் குறையும், திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு குள்ளரைப் போட்டால் அவர் வேறு வேலையில் இருக்கும்போது யானை அப்படியே நிற்கும், 'யாராயினும்' என்று வை. பயிற்சி மண்டலம், அதாவது விலங்குகளைப் பழக்க நீ குறித்துவைத்த இடம், அழியாமல் இருக்கிறதா என்றும் பார். அப்புறம் யானைக்குக் கொடுக்கத் தாவர உணவு கையிருப்பில் வேண்டும், எல்லாவற்றையும் மது காய்ச்ச அனுப்பினால் பழக்கும் வேலை ரத்தாகிவிடும்.

பண்டாரவளை அக்கா:
பசிக்குக் காரணம் இடம்தான். லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஒரு பசுவுக்கே எவ்வளவு புல் அறுத்துச் சுமக்கிறோம், இது யானை! நிலத்தைப் பெரிதாக்கி, மற்ற மாடு ஆடுகளை வேறு மண்டலத்துக்கு மாற்று. நிலத்தடிக் குகையைத் திறந்துவிட்டாயா? திறந்திருந்தால் கோட்டைக்குள் மண் தரையிலேயே பூஞ்சை முளைக்கும், மேய்கிற விலங்குகள் அதையும் தின்னும், பதுங்கி வரும் பூதங்களிடமிருந்தும் பாதுகாப்பு. நிலம் தயாராகும்வரை ஆண் யானையைக் கூண்டில் வைக்கலாம், கூண்டுக்குள் இருக்கும் விலங்கு பட்டினியால் சாகாது.

நானுஓயா தம்பி:
அண்ணே, நீங்கள் சொன்னதுதான். பழக்குநராகப் போட்டவர் முழு நேரமும் படைப் பயிற்சியில் நிற்கிறார். மாற்றிவிட்டேன், ஒருவர் உணவுச் சாக்குடன் பெண் யானையிடம் போய்க்கொண்டிருக்கிறார். அக்கா, குகை திறந்துதான் இருக்கிறது, கீழே பெரிய அறை தோண்டப் போகிறேன். கன்று போட்டால் அதற்கும் இதே பாடுதானா?

ஹட்டன் அண்ணன்:
இல்லை, கன்று நல்லது. பிறந்த உடனே பழக்குநரைப் போடு, சின்னதாக இருக்கும்போதே நன்றாகப் பழகிவிட்டால் அது நிரந்தரமாகப் பழகிய விலங்காகிவிடும், பெரியவை மாதிரிப் பின்னுக்குப் போகாது. உன் கோட்டைக்கு யானையைப் பற்றிய அறிவும் பழக்கப் பழக்கக் கூடும், அடுத்து பிடிப்பவை இன்னும் சுலபமாகப் பழகும். இன்னொன்று, பெண் முழுக்கக் காட்டு யானையாகிவிட்டால் கோட்டைக்குள்ளேயே ஆட்களை மிதிக்கும், அதனால் பழக்கம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே, இப்போதே, மேய்ச்சல் நிலத்துக்கும் மதுச்சாலைக்கும் நடுவில் ஒரு கதவைப் போட்டுப் பூட்டு.