புதுப்பிப்பு: நீச்சல் குளத்தில் மணல் படிந்ததற்கான காரணம் கிடைத்தது

எங்கள் நீச்சல் குளத்தின் மணல் வடிகட்டியைப் பின்னோக்கி, அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி, அலசிய பிறகு, நீர் குளத்துக்குத் திரும்பும் துளையின் அடியில் மணல் படிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். அலசி முடித்ததும், நீரைக் குளத்துக்கு அனுப்பாமல் வெளியேற்றும் ‘ரின்ஸ்’ நிலைக்கு வடிகட்டியின் வால்வைத் திருப்பி அரை நிமிடம் ஓடவிடுமாறு சிலர் கூறினீர்கள். அவ்வாறு செய்தபோது மணல் குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

ஆகவே மின் இணைப்பைத் துண்டித்து, அழுத்தத்தை வெளியேற்றி, வடிகட்டித் தொட்டியைத் திறந்து மணல் முழுவதையும் குவளையால் அள்ளினேன். முதுகு இன்னும் வலிக்கிறது. நடுக்குழாயின் அடியிலிருந்து விரல்களைப் போல விரியும் துளைக்குழாய்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. நீரை மட்டும் உள்ளே விட்டு மணலைத் தடுக்க வேண்டிய அந்தக் குழாயே மணலுக்கு வழிவிட்டிருக்கிறது. அதை மாற்றிய பின், விழும் மணலின் எடை புதிய குழாய்களை உடைத்துவிடாதபடி தொட்டியில் பாதியளவு நீர் நிரப்பி, நடுக்குழாயின் வாயை மூடிவிட்டு, 0.45 முதல் 0.55 மி.மீ. வரையிலான சிலிக்கா மணலை மெதுவாகக் கொட்டினேன்.

என் பழக்கம் ஒன்றும் தவறென்று புரிந்தது. மூன்று நாளுக்கொருமுறை அலசிவந்தேன்; ஆனால் சிறிதளவு அழுக்கேறிய மணல்தான் நுண்ணிய தூசியையும் பிடிக்கும். சுத்தமான நிலையில் அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) உயர்ந்தால் மட்டுமே இப்போது அலசுகிறேன். வால்வின் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது திருப்புவதே இல்லை. குளத்தின் தரையில் இதுவரை மணல் படியவில்லை.