டங்கி: இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படியா கடந்து போவது?

திரைக்கிறுக்கன்:
2023 டிசம்பர் 21, டங்கி வந்த அன்றே முதல் காட்சி பார்த்தேன். ஏமாற்றத்தோடு எதையும் எழுத வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். போன வாரம் வீட்டில் மறுபடி பார்த்தேன், அதே ஏமாற்றம்தான். ஷாருக்கானை இருபது வருடமாக ரசிக்கிறவன் நான். அந்த வருடம் பதான், ஜவான் இரண்டையும் பார்த்துவிட்டு, சண்டை போதும், ராஜ்குமார் ஹிரானி படத்தில் இவர் நடிப்பைப் பார்க்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் பாதியில் பஞ்சாப் கிராமம், வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கான வகுப்பு, போமன் இரானி நடத்தும் இங்கிலீஷ் பாடம். சரி, சிரித்தோம். விக்கி கௌஷல் தீக்குளிக்கும் இடத்தில் தியேட்டரே அடங்கிப்போனது, இனிமேல்தான் படம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டங்கி என்றால் விசா இல்லாமல் நாடு நாடாகக் கள்ளத்தனமாகக் கடந்து போகிற வழி. ஆனால் எதற்காகப் படத்துக்கு அந்தப் பெயரோ அந்தப் பயணம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று நடந்தும் கண்டெய்னருக்குள் ஒளிந்தும் போகிற பயணம், மளமளவென்று முடிந்துவிடுகிறது. கூட வந்தவர்கள் சாகிறார்கள், அவர்கள் பெயர்கூட மனதில் தங்கவில்லை. கடைசியில் நிஜ மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டுகிறார்களே, அது உலுக்கிய அளவுக்கு முழுப் படமும் என்னை உலுக்கவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

தோவாபா_நினைவுகள்:
உங்களுக்கு மட்டும் இல்லை. நான் மூன்று வருடம் ஜலந்தரில் வேலை பார்த்தேன். அங்கே மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையே விமானம் மாதிரி கட்டி வைத்திருப்பார்கள். தல்ஹன் குருத்வாராவில் விசா கிடைக்க வேண்டும் என்று பொம்மை விமானத்தைக் காணிக்கையாக வைப்பார்கள். அதனால் கிராமத்து ஏக்கத்தைக் காட்டிய வரைக்கும் எனக்குக் குறையில்லை. காசு வாங்கிக்கொண்டு இப்படி ஆள் அனுப்புகிற ஏஜெண்டை விட்டுவிட்டதுதான் கோபம். 2025 பிப்ரவரியில் சட்டவிரோதமாகக் குடியேறினார்கள் என்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 பேரைக் கைவிலங்கோடு அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கினார்களே, அவர்களில் பலர் நிலத்தை விற்று, கடன் வாங்கி, 40 லட்சம் 50 லட்சம் என்று கொடுத்தவர்கள். அந்தப் பணம் எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று ஒரு காட்சி வைத்திருந்தாலே படம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பூங்குழலி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் அம்மாவுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே இந்தப் படம் பார்த்துத்தான் தெரியும். படம் வந்த அதே நாளில் நிகராகுவா போகும் விமானம் ஒன்றைப் ஆள்கடத்தல் சந்தேகத்தில் பிரான்ஸில் வாத்ரி விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தார்கள், உள்ளே 303 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். அந்தச் செய்தியை அம்மா உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். சிரிக்க வைத்துச் சொன்னதால்தான் அவர் வரைக்கும் போனது. ஆனால் இரண்டாம் பாதி அவசரம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

வடமராட்சியான்:
தம்பி, நான் 1991இல் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகப் பாரிசுக்கு வந்தவன். பயணத்தைச் சுருக்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், லண்டன் கோர்ட் காட்சியைத்தான் பொறுக்க முடியவில்லை. என் நாட்டில் எனக்கு ஆபத்து என்று சொன்னால் தஞ்சம் கிடைக்கும், கதாநாயகன் அப்படிச் சொல்ல மாட்டேன் என்று தேசப்பற்றோடு நிற்கிறார். அவருக்கு அது பொய், சரி. எங்களுக்கு அது பொய் இல்லையே. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் கேஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, நம்புவார்களோ மாட்டார்களோ என்று வருடக்கணக்கில் காத்திருந்தோம். தஞ்சம் கேட்பது என்றாலே நாட்டைக் காட்டிக்கொடுப்பது என்ற மாதிரி அந்தக் காட்சி பேசுகிறது. நிஜமாக ஆபத்தில் வந்த ஒருவரையாவது அந்த வரிசையில் நிறுத்தியிருக்கலாம்.

திரைக்கிறுக்கன்:
அண்ணா, அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் நானும் கை தட்டினேன். நீங்கள் சொன்ன பக்கம் என் புத்தி போகவே இல்லை. மன்னித்துவிடுங்கள். மொஸ்கோவில் எவ்வளவு நாள் இருந்தீர்கள்? சொல்ல மனமிருந்தால் சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி. எட்டு மாதம் இருந்தோம். ஒரே அறையில் பதினாறு பேர், படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குவோம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடும் என்று ஏஜென்சிக்காரன் செருப்புப் போட்டு நடக்க விடமாட்டான். நான் முதன்முதலில் பனியைப் பார்த்தது அந்த அறையின் திரைச்சீலை இடுக்கு வழியாகத்தான்.